மான்கறிக்குத் தாங்கும் ஒயின்

ஆல்பின் ஹேஃபெலே தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஜெர்மனியின் நெக்கார் ஆற்றுச் சரிவில் முப்பது ஆண்டுகளாகத் திராட்சை வளர்த்து ஒயின் செய்பவர். தம் நிலவறையில் யாரோ கைவைப்பதாகச் சொன்னார். லெம்பர்கர் என்னும் கனமான சிவப்பு ஒயின் தொட்டியின் அளவுக் குழாயில் மட்டம் நாலு விரல் இறங்கியிருந்ததாம்.

சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. வீட்டுச் சாவி மனைவி ரோஸ்விதாவிடம். முழங்கால் வலியால் அவள் ஒரு வருடமாக நிலவறைப் படி இறங்கியதில்லையாம். இன்னொன்று, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கூட வேலை பார்க்கும் மிர்ச்சாவிடம்.

"வெள்ளிக்கிழமை அவனை அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றார்.

அவர் உதவி தேடி வந்திருந்த ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் வால்புர்கா ரென்ஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய நண்பர், முன்னாள் தபால்காரர் டீட்மார், குறிப்பேட்டில் மிர்ச்சாவின் பெயரை அதற்குள் இரண்டு முறை அடிக்கோடிட்டுவிட்டார்.

நண்பகலில் மூவரும் நிலவறைக்குப் போனார்கள். லெம்பர்கர் குறைந்திருந்தது உண்மை. பக்கத்தில், லெம்பர்கரும் ஷ்பேட்பர்குண்டர் என்னும் மென்மையான சிவப்பு ஒயினும் கலந்து வைத்த தொட்டியில் அதே நாலு விரல் ஏறியிருந்தது.

"திருடன் எடுத்துட்டுப் போவான், டீட்மார். இங்க எடுத்தது பக்கத்துலயே ஊத்தியிருக்கு" என்றார் வால்புர்கா.

மேலே சமையலறையில் மான்கறி கொதித்தது. பக்கத்துச் சட்டியில் வெங்காயம் கருகிப் புகைந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்ற ஆல்பின் பேசிக்கொண்டே இருந்தார். ரோஸ்விதாதான் நொண்டியபடி ஓடிவந்து சட்டியை இறக்கினாள். இந்த வருடக் கலவை எப்படி என்று வால்புர்கா அவளிடம் கேட்டார்.

"முதல்ல மெலிசா, கோழிக்கறிக்குத்தான் ஆகும்னு இருந்துச்சு. இப்ப கனமாயிடுச்சு, மான்கறிக்கே தாங்கும்" என்றாள் அவள்.

சாப்பாட்டு மேசையில் மிர்ச்சாவும் வந்து அமர்ந்த பிறகு, வால்புர்கா தணிந்த குரலில் பேசினார். "ஆல்பின், நீங்க விரல் கணக்குச் சொன்னீங்க. ருசி மாறிடுச்சுன்னு ஒரு தடவைகூட சொல்லல. வெங்காயம் கருகினதும் உங்களுக்குத் தெரியல. ரோஸ்விதா, நிலவறைக்கே போகாத உங்களுக்கு அந்தக் கலவை முதல்ல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டும் தெரிஞ்சிருக்கு."

ஆல்பின் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். குளிர்காலக் காய்ச்சலோடு மூக்குக்கு வாசமே தெரியாமல் போய்விட்டது. நினைவை நம்பித்தான் கலந்தார். ஒயின் செய்கிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"எனக்குத் தெரியும். கெட்டுப்போன பாலை நீ மடமடன்னு குடிச்ச அன்னிக்கே தெரியும்" என்றாள் ரோஸ்விதா. அவர் தேவாலயத்தில் பாடப் போன ஞாயிறுகளில், ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, லெம்பர்கரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலவையில் சேர்த்திருக்கிறாள். "நீயா சொல்லட்டும்னு காத்திருந்தேன்."

டீட்மார் குறிப்பேட்டை மெல்ல மூடினார். ஆல்பின் இருந்ததிலேயே பெரிய கறித்துண்டை எடுத்து மிர்ச்சாவின் தட்டில் வைத்தார். ஏன் என்று மிர்ச்சாவுக்குப் புரியவில்லை.

பிறகு கோப்பையில் கலவையை ஊற்றி மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

"என்ன வாசம் வருது?"

அவள் முகர்ந்தாள். "கறுப்புச் செர்ரி. அப்புறம் மிளகு. கொஞ்சம் மழை பேஞ்ச மண்ணு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவா" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."