சின்ன வளையம்

ரொட்டி அடுப்புக்காரர் சந்து முனையில், பூஷ்தாவின் தோள் உயரத்தில், சுவரில் ஓர் அம்புக்குறி இருந்தது. வெள்ளைச் சாக்கட்டியால் இழுத்தது. காலையில் இதே வழியாகத்தான் போனான். அப்போது சுவர் சுத்தமாக இருந்தது. நேற்று இந்தக் குறி குழாயடியில் இருந்தது. முந்தாநாள் சாயக்காரர் பாலத்தருகே.

நோன்பு திறக்கும் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்தில் ஃபெஸ் பழைய நகரம் ஒரேயடியாகக் காலியாகும். கடைசிக் கோவேறு கழுதை தடதடவென்று கல்படியில் இறங்கிப் போனபின், ஷட்டர்கள் ஒவ்வொன்றாக விழுந்தபின், ஜன்னல்களிலிருந்து வழியும் ஹரீரா சூப்பின் மல்லித்தழை வாசமும் அதோடு கலந்து தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து ஏறிவரும் நாற்றமும் மட்டும் சந்துகளில் அலைந்துகொண்டிருக்கும். பூஷ்தாவுக்கு அந்த நேரம் பிடிக்கும். போன வருஷம் வரை பிடித்தது.

"என்ன பூஷ்தா, சுவத்த மொறைச்சிட்டு நிக்கிற? ஊருக்கே வழி காட்டுறவனுக்கு வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?" ஆலிவ் கடை லஹ்சன் ஷட்டரை இழுத்துக்கொண்டே சிரித்தான்.

"இத யாருப்பா வரைஞ்சது?"

"எவளாவது ஊர் சுத்த வந்தவ வரைஞ்சிருப்பா. தொலையாம திரும்பணும்ல? உன்ன நம்பி வந்தா எந்தக் கம்பளக் கடையில கொண்டுபோய்த் தள்ளுவியோ! போய்யா, உம்பொண்ணு பத்தூல் சூப்ப வச்சிட்டுக் காத்திருப்பா."

'எவளாவது' என்று அவன் ஏன் சொன்னான்? லஹ்சன் போய்விட்டான். கேட்க ஆளில்லை.

போன நோன்பில் வந்தவள் பெயர் இனெஸ். லிஸ்பன்காரி. வழிகாட்டி வேண்டாம், தானே நடந்து பார்க்கிறேன் என்று வந்தவள். திரும்பும் ஒவ்வொரு முனையிலும் வந்த வழியைக் காட்டி ஓர் அம்பு வரைவாள். திரும்பி வரும்போது எச்சில் தொட்ட விரலால் அதைத் துடைத்துவிடுவாள். ஊர்ச் சுவரை அசிங்கப்படுத்தக் கூடாதாம். அன்று காலை அவளை வளைத்துப்போட, பூஷ்தா தன் வீட்டுக் கதவில் தட்டுவதற்குத் தொங்கிய இரண்டு வளையங்களைக் காட்டிக் கதை சொன்னான்.

"பெரிய வளையம் வெளி ஆளுக்கு. சின்ன வளையம் வீட்டு மனுஷங்களுக்கு. சத்தத்த வச்சே தெரிஞ்சுக்குவோம். சின்னது தட்டினா எம்பொண்ணு யாருன்னுகூடக் கேக்க மாட்டா, ஓடி வந்து திறந்துடுவா."

அவள் ரசித்துக் கேட்டாள். நன்றி சொன்னாள். பிறகு, "நான் தனியாவே போய்க்கிறேன்" என்றாள். நாலு பேர் பார்க்க. இருபது வருஷமாக வழிகாட்டியின் பித்தளை வில்லை குத்திக்கொண்டு நடப்பவனுக்கு அது பொறுக்கவில்லை.

"அந்த வழி மூடியிருக்கு. இப்படிப் போங்க, நேரா ஆத்துக்குப் போயிடலாம்."

மூடியிருக்கு என்பது அவன் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொய்தான். சொல்லிவிட்டுத் தங்களுக்குத் தோதான பக்கம் கூட்டிப் போவார்கள். அவன் கூட்டிப் போகவில்லை. கட்டை முட்டுக் கொடுத்து நின்ற பாழடைந்த வீட்டுச் சந்தைக் கைகாட்டினான். அலைந்து திரும்பட்டும் என்று. அவள் உள்ளே போன சற்று நேரத்தில் மழை. அந்த வீடு இடிந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் விடியும்போதே போய்ப் பார்த்தான். சந்து வாயில் அம்பு இருந்தது. துடைக்காத அம்பு. உள்ளே போனவள் திரும்பவில்லை என்பதற்கு அந்த ஒன்றுதான் சாட்சி. பூஷ்தா அதைத் தன் ஜெல்லாபா அங்கியின் கையால் தேய்த்து அழித்தான். ஆட்கள் வந்து சந்து வாயைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். போட்டோவோடு போலீஸ் வந்தபோது, "மேலக் கோட்டை வாசல் வழியா வெளிய போனதப் பாத்தேன்" என்றான். வில்லை அவன் மார்பிலேயே இருந்தது.

இப்போது அவன் நடையை எட்டிப் போட்டான். அடுத்த முனையிலும் அம்பு. அதற்கடுத்ததிலும். எல்லாம் பின்னால், அந்த அடைத்த சந்தையே காட்டின. அம்பு வந்த வழியைத்தானே காட்டும். வரைந்தவள் அங்கிருந்து புறப்பட்டு, அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவன் வீட்டுப் பக்கம்.

   தாயில்லாத பெண் தனியாக இருக்கிறாள். போனை எடுத்தான்.

"வாப்பா! எங்க இருக்கீங்க? சூப்பு ஆறுது."

"பத்தூல், கேளு. நான் வர்ற வரைக்கும் யார் வந்தாலும் கதவத் திறக்காத."

"யாரு வரப் போறா இந்நேரத்துல? ஊரே பேரீச்சம்பழத்தக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கு."

"சொன்னதச் செய்."

அப்போது போனுக்குள் கேட்டது. டிக். டிக். டிக்.

மெல்லிய சத்தம். சின்ன வளையம்.

பத்தூல் சிரித்தாள். "ஆகா, வாசல்ல நின்னுக்கிட்டே போன்ல வேடிக்கை காட்டுறீங்களா? இருங்க வாப்பா, வர்றேன்."

"நான் இல்லம்மா! அது நான் இல்ல..."

சங்கு ஊதியது. கோட்டை மேலிருந்து, நகரத்தின் தலைமேல், நீளமாக, நிறுத்தாமல். அவன் கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சங்கு ஓய்ந்தபோது போனில் பேச்சில்லை. இணைப்பு மட்டும் இருந்தது. யாரோ நடக்கும் செருப்புச் சத்தம்.

ஓடினான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சின்ன வளையம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு கிண்ணம் சூப்பு. ஆவி. கடிக்காத பேரீச்சம்பழம்.

"பத்தூல்!"

கதவோரச் சுவரில் ஓர் அம்பு. துடைத்திருந்தது. ஈரம் காயவில்லை.

வந்த வழியே திரும்பி ஓடினான். சற்றுமுன் அவன் பார்த்த அம்புகள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முனையிலும் வெள்ளையாக ஓர் ஈரத் தீற்றல். அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு தீற்றல். சின்னக் கை. கூடச் சேர்ந்து துடைத்திருந்தது.

ரொட்டி அடுப்பு முனை. குழாயடி. பாலம். சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வீடுகளுக்குள் கரண்டிகள் கிண்ணத்தில் படும் சத்தம்.

செங்கல் சுவர்.

அன்று அடைத்த சுவர். ஒரு கல் பெயரவில்லை. ஈரத் தீற்றல் அதுவரை வந்து, செங்கலுக்குள் போயிருந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடித்துத் தேடியிருப்பார்கள். சொல்லவில்லை. பாவி, சொல்லவே இல்லை.

கீழே கிடந்த கல்லை எடுத்தான். சுவரில் ஓங்கி அடித்தான். இடித்தான். மறுபடி. மறுபடி. விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

கையிலிருந்த போனில் பத்தூலின் மூச்சு கேட்டது. கிசுகிசுத்தாள், பக்கத்தில் யாரிடமோ பேசுவதுபோல.

"அக்கா, பெரிய வளையத்த யாரோ தட்டுறாங்க."

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

"சரிக்கா. வெளி ஆளு. திறக்கல."