வெப்பந்தள்ளி

கானல்பட்டியில் சித்திரை நண்பகலிலும் வீட்டுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். மின்விசிறி இல்லை, ஏசி இல்லை. மாமியார்கள் கம்பளி கேட்டார்கள். ஒரு வீட்டில் கொசு தும்மியதாகவும் கேள்வி.

எல்லாம் வெப்பந்தள்ளியின் வேலை. சுவரிலும் தரையிலும் பூசுகிற பூச்சு அது. சித்தாள்கள் செங்கலைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அப்படி அதன் பொடிமணிகள் வீட்டுச் சூட்டைக் கைமாற்றித் தெருவில் கொட்டிவிடும். வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கலாம் என்பதை நகராட்சி ஏற்ற கட்டட ஆற்றல் விதி அதற்குச் சொல்லும்.

மாநிலம் அனுப்பிய விதியை அப்படியே ஏற்றிருந்தால் வம்பில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் அதைக் கொஞ்சம் இறுக்கி ஏற்றுவிட்டார்கள். நகர்மன்றத் தலைவர் அம்பலவாணனுக்குத் தூக்கம் போயிற்று.

"அவனுங்களே இறுக்கும்போது நாம என்ன இளிச்சவாயனுங்களா?" என்று தேடித் தேடி ஒரு வரியை அடித்து நீக்கினார்: 'குடியிருப்போரின் உடல்சூடு கணக்கில் சேராது.' மன்றமே மேசையைத் தட்டியது.

மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு. அதைப் பிரித்துத் தூக்குவதைவிட ஆளையே தூக்குவது சுலபம் என்று பொடிமணிகள் கண்டுகொண்டன. முதலில் விருந்தாளிகள் வெளியே போனார்கள். ஊரே மகிழ்ந்தது. அடுத்து, காய்ச்சல்காரர்கள்.

"எஞ்சினியரம்மா! வீடு என் சம்சாரத்தைக் கட்டிலோட வெயில்ல தள்ளிடுச்சு!" அம்பலவாணன் போனில் அலறினார்.

பூச்சைப் பூசிய பொறியாளர் தமயந்தி சிரித்தார். "சுவர் சூட்டைத்தான் தள்ளும் அய்யா, ஆளைத் தள்ளாது. உங்களைத் தாங்க முடியாம அக்காவே வெளிய வந்திருப்பாங்க."

வந்து பார்த்தார். வீடுகள் உமிழ்ந்த சூட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்தது. கட்டிலில் அம்பலவாணனின் மனைவி குஞ்சம்மாள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"காய்ச்சல் வார்டே ரோட்டுலதான் கிடக்கு."

"பக்கத்து ஊரு?"

"நம்மளைப் பார்த்து அவனுங்களும் அந்த வரியை அடிச்சுட்டானுங்கம்மா."

"ஆளைத் தள்ளுதுன்னு நான் இன்னும் நம்பல; ஆனாலும் வரியைத் திரும்பச் சேருங்க. பூச்சு அடங்கிடும்."

"அதுக்கு மன்றம் கூடணும். மன்றக் கூடத்துக்குள்ளதான் கூடணும்னு சட்டம்."

கட்டிலைத் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். கூடத்துக்குள் ஓர் உறுப்பினர் போனார், இன்னொருவர் போனார். மூன்றாமவர் காலை வைத்ததும் முதலாமவர் படியில் உருண்டு வந்தார், பின்னாலேயே மற்ற இருவரும். பூச்சைப் பெயர்க்கக் கடப்பாரையோடு பாய்ந்தவரைத் தரை இன்னும் வேகமாக அனுப்பியது. உழைப்பில் சூடு அதிகம்.

"நடிக்காதீங்க!" தமயந்தி விறுவிறுவென்று உள்ளே போய் நின்றார். "பாருங்க, ஒண்ணுமே..."

காலடியில் தரை மெல்லச் சிலிர்த்தது. எறும்புக் கூட்டம் அரிசியைச் சுமப்பதுபோல அவரைப் பதமாகச் சுமந்து வாசலில் இறக்கியது. கதவு சாத்திக்கொண்டது. காலியான கூடம் விதியைத் துளியும் மீறாமல் குளிர்ந்து கிடந்தது. அம்பலவாணனின் போனில் மாநிலத்தின் வாழ்த்து வந்து விழுந்தது: ஆற்றல் சேமிப்பில் கானல்பட்டிக்கு முதலிடம்.

அவர் அதைப் பார்க்கவில்லை. "குஞ்சு... ஏய் குஞ்சு... பேசுடி."

கொதிக்கிற படியில் உட்கார்ந்தபடி தமயந்தி முணுமுணுத்தார்.

"தள்ளுது அய்யா. ஆளைத்தான் தள்ளுது."