சிவப்பு மேற்கட்டிக்குக் கீழே...

"வீஈஈல்...!"

அந்த அலறல் ஹெர்ன்லி கோட்டையின் கல் படிகளில் உருண்டு வந்து, கீழே டீக் கோப்பையோடு நின்றிருந்த ஹெஸ்டர் ப்ளாக்கெட்டின் காதில் மோதியது.

கோப்பை நழுவிச் சிதறியது.

மாடியில் இருப்பது பிரபுவின் படுக்கையறை. இன்று காலை ஊரே பார்க்கப்போகும் அறை. அவள் பழங்கால முறையில் செய்து கொடுத்த கட்டில் இருக்கும் அறை!

கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுழல் படிகளில் ஓடினாள் ஹெஸ்டர்.

அறை வாசலில் வழிகாட்டிப் பெண் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே... உள்ளே... கட்டில்ல..."

ஹெஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

ஓக் கட்டில். அதைச் சுற்றிச் சிவப்புக் கம்பளித் திரைகள். தலைமாட்டில் தங்க நூல் மான்கள் துள்ளும் பெரிய சீலை. எல்லாவற்றுக்கும் மேலே, பழங்காலப் பிரபுக்களின் கட்டிலில் போல, கூரை உத்தரத்திலிருந்து நான்கு கயிறுகளில் தொங்கும் மேற்கட்டி.

தொங்கவில்லை!

தலைமாட்டுப் பக்கம் அப்படியே சரிந்து மெத்தை மேல் விழுந்து கிடந்தது. அதன் கனத்த ஓக் சட்டத்துக்குக் கீழிருந்து இரண்டு பழுப்பு நிற பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

கோட்டையின் நிர்வாகி லயனல் க்ரைஸின் பூட்ஸ்கள்!

செத்தவனுக்காக ஹெஸ்டரின் மனம் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை.

'ஐயோ... என் ஒயர் எங்கே?'

இதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றிய அடுத்த கணமே முகம் சுட்டது.

சே... நானும் ஒரு மனுஷியா!

*

இன்ஸ்பெக்டர் ஃபென்விக் பார்ப்பதற்கு ஓய்வுபெற்ற பாதிரியார் மாதிரி இருந்தார். பேச்சில் மட்டும் ஊசி.

"நேத்து சாயங்காலமே செத்துட்டாராம். டாக்டர் சொல்றார். மண்டையில பலமான அடி. மனுஷன் பூட்ஸைக்கூடக் கழட்டாமப் படுத்திருக்கார். பிரபு மாதிரி படுத்துப் பார்க்க ஆசை போல!"

கட்டிலைச் செய்த இரண்டு பெண்களும் ஜன்னல் ஓர மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தி ஹெஸ்டர். இந்தக் கட்டிலுக்குப் பொறுப்பாளி. டி.வி.யில் பேட்டி கொடுத்தவள்.

மற்றவள் மில்ட்ரெட் டாட். ஹெஸ்டரின் சிநேகிதி. விரல் கணுக்கள் வீங்கிய மெலிந்த விதவை. மேற்கட்டியின் சணல் கயிறுகளை முறுக்கி, உத்தரத்தில் முடிச்சுப் போட்டவள்.

"தலைமாட்டுக் கயிறு ரெண்டும் அறுந்துபோகலை. முடிச்சு அவிழ்ந்திருக்கு. அந்த முடிச்சுங்களைப் போட்டது யாரு?"

மில்ட்ரெட் மெல்ல எழுந்தாள்.

"நான்தான் சார்."

"சரியாப் போட்டீங்களா?"

"அப்படித்தான் நினைச்சேன். விரல் முன்ன மாதிரி இல்ல சார். நேத்து ரொம்ப வலி. இறுக்கிப் போட்டேனான்னு கேட்டா... சத்தியம் பண்ண முடியாது." அவள் குரல் உடைந்தது. "என் கையாலதான் போயிட்டார். எழுதிக்கோங்க."

"உக்காருங்கம்மா. இது விபத்து. ஆனாலும் கவனக்குறைவுன்னு கோர்ட்டுக்குப் போகும். ஊர்க்காரங்க நாலு விதமாப் பேசுவாங்க. தாங்கிக்கணும்."

"தாங்கிக்கறேன் சார்."

ஹெஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியும். முடிச்சு அவிழ்ந்ததால் அந்த மேற்கட்டி விழுந்திருக்க முடியாது!

ஒவ்வொரு கயிற்றின் மேலும் அழகுக்காக ஒரு சிவப்புத் துணி உறை. ஒவ்வொரு உறைக்குள்ளும், கயிற்றோடு சேர்த்து, ஒரு ஸ்டீல் ஒயர். உத்தரத்துக்கும் சட்டத்துக்கும் கொக்கி போட்டு மாட்டியது. வெறும் சணல் கனத்தைத் தாங்குமோ தாங்காதோ என்ற பயத்தில் ஹெஸ்டர் தன் கையாலேயே ரகசியமாகச் செய்த வேலை.

கயிறு நான்கும் அவிழ்ந்தாலும் ஒயர் தாங்கும்.

தாங்கவில்லை என்றால்... யாரோ ஒயரைக் கழற்றியிருக்கிறார்கள். இது விபத்து இல்லை.

கொலை!

சொல்ல வேண்டியதுதானே?

எப்படிச் சொல்வது? 'எங்க கட்டில்ல அந்தக் காலத்துல இல்லாத பொருள் ஒண்ணுகூடக் கிடையாது. ஒரு தையல்கூட மெஷின் பார்த்ததில்ல' என்று கேமரா முன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாய் அல்லவா இது!

வாயைத் திறந்தால் ஒயரோடு நிற்காது. எல்லாம் வெளியே வரும்.

பக்கத்தில் மில்ட்ரெட் விசும்பினாள். வீங்கிய விரல்களால் ஹெஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உனக்கும் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன்டி. மன்னிச்சிடு."

ஹெஸ்டருக்குக் கூசியது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

"இன்ஸ்பெக்டர்..."

"சொல்லுங்க மேடம்."

"அவ முடிச்சு மேல தப்பு இல்ல."

மில்ட்ரெட்டின் பிடி சட்டென்று இறுகியது.

"சும்மா இரு ஹெஸ்டர். என்னைக் காப்பாத்தறதா நினைச்சு எதையாவது உளறாதே!"

"இல்ல மில்லி... இப்பவும் சொல்லலைன்னா நான் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்க முடியாது." ஹெஸ்டரின் காதுகள் சிவந்தன. "சார், உறைக்குள்ள ஸ்டீல் ஒயர் வச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது. அது இருக்கறவரைக்கும் இந்தச் சட்டம் விழாது!"

ஃபென்விக்கின் புருவம் நெற்றியின் உச்சிக்கு ஏறியது.

"ஸ்டீல் ஒயரா? டி.வி.யில வேற என்னமோ சொன்னீங்களே? என் மனைவி அதைப் பார்த்துட்டு அன்னைக்கு முழுக்க உங்க புராணம்தான்!"

"பொய் சொன்னேன்."

"ஒயர் மட்டும்தானா?"

ஹெஸ்டர் கண்களை மூடிக்கொண்டாள்.

"திரைங்க எல்லாம் மெஷின்ல தைச்சது. உறையும் மெஷின்தான். அந்த மான்... அதுவும் மெஷின்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க இருமினான். அந்த இருமல் கன்னத்தில் விழுந்த அறையைப் போல இருந்தது ஹெஸ்டருக்கு.

"க்ரைஸ் அவசரப்படுத்தினார் சார். 'தடுப்புக் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கறவனுக்கு மெஷின் எது, கை எதுன்னு என்ன தெரியும்?'னு கேட்டார். நானும் தலையாட்டிட்டேன்."

"சரி. ஒயரைக் காட்டுங்க."

ஹெஸ்டர் கட்டிலின் கால்மாட்டுக்கு நடந்தாள். இன்னும் தொங்கிக்கொண்டிருந்த உறை ஒன்றை அழுத்திக் காட்டினாள். உள்ளே கயிற்றோடு விறைப்பாக ஒயர்.

"இங்கே ரெண்டும் அப்படியே இருக்கு சார்."

"தலைமாட்டுல?"

சரிந்து கிடந்த உறையை எடுத்தாள். தொளதொளவென்று மடங்கியது. கயிறு மட்டும்தான். ஒயர் இல்லை!

"கழட்டியிருக்காங்க!" ஃபென்விக்கின் குரலில் இப்போது பாதிரியார் இல்லை. "அப்போ உறையைப் பிரிச்சிருக்கணுமே? கிழிசல் எங்கே?"

ஹெஸ்டர் உறையின் தையல் ஓரமாக விரலை ஓட்டினாள்.

மெஷின் தையல்... மெஷின் தையல்... மெஷின் தையல்...

விரல் நின்றது.

ஒரு முழ நீளத்துக்குத் தையல் மாறியிருந்தது. கைத்தையல்! அரிசியை அடுக்கி வைத்ததுபோலச் சின்னச் சின்னதாய், ஒன்றுக்கொன்று பிசகாமல்...

இந்தத் தையலை ஹெஸ்டர் எத்தனையோ தடவை பொறாமையோடு பார்த்திருக்கிறாள். எத்தனை முயன்றும் அவள் கைக்கு வராத தையல்.

"என்ன மேடம்? ஏன் நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"முகம் வெளுத்துப்போச்சே?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேனே!"

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

மில்ட்ரெட்!

கண்ணீரின் சுவடே இல்லை. முதுகை நிமிர்த்தி, மடியில் கை கோத்து, சர்ச்சில் உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டப்படாதே ஹெஸ்டர். உனக்குப் பொய் சொல்ல வராது. கேமரா இருந்தாத்தான் வரும்."

"மில்லி... நீயா? ஏன்டி?"

"நீ கேக்கறியா? அங்கே தொங்கவேண்டிய மான் சீலையை யார் தைச்சா?"

ஹெஸ்டரின் பார்வை தலைமாட்டு மான்கள் மேல் போய் நின்றது.

"குளிர்காலம் பூரா, இந்த விரலை வெந்நீர்ல முக்கி முக்கி நான் தைச்சேன். தலைமாட்டுல தொங்கவிட்டாச்சுன்னு நீ சொன்னே. நேத்து சாயங்காலம் கடைசி முடிச்சைப் பார்க்க ஏணியோட வந்தேன். ஆசையாத் தடவிப் பார்த்தேன். என் மான் இல்ல, மெஷின் மான்! க்ரைஸ் அந்தக் கட்டில்ல பூட்ஸ் காலோட மல்லாந்து படுத்துக்கிட்டிருந்தான். 'என் மான் எங்கே?'ன்னு கேட்டேன். 'விளக்கு வெளிச்சத்துல உன்னுது எடுபடலை கிழவி. என் நாய்க்கு விரிச்சிருக்கேன். நல்லாத் தூங்குது'ன்னு சிரிச்சான்."

கான்ஸ்டபிளின் பேனா குறிப்பேட்டின் மேல் நின்றது.

"சட்டத்துல ஆப்பு அடிக்கற மரச் சுத்தி பக்கத்துலேயே இருந்தது. அவன் சிரிச்சு முடிக்கலை."

ஃபென்விக் மெதுவாகக் கேட்டார்.

"அப்புறம் விபத்து மாதிரி இருக்கட்டும்னு முடிச்சை அவிழ்த்தீங்க?"

"அவிழ்த்தா மேற்கட்டி அசையலை சார்! உறையைப் பிரிச்சாத்தான் தெரியுது, இந்த அம்மா உள்ளே ஒயர் விட்டிருக்காங்கன்னு. கழட்டினேன். என் தையல் பையோட அடியில இருக்கு, எடுத்துக்கோங்க."

கான்ஸ்டபிள் பையைத் திறந்தான். சுருட்டிய ஒயர்கள் பளபளத்தன.

"உறையைப் பிரிச்சபடியே விட்டிருக்கலாமே? எதுக்குத் தைச்சீங்க?" என்றார் ஃபென்விக்.

"பிளந்து தொங்கினா உள்ளே எட்டிப் பார்ப்பீங்களே! கோணலாத் தைச்சிருந்தா ஹெஸ்டர் தைச்சதுன்னு நினைச்சிருப்பீங்க. என்ன பண்றது... கோணலாத் தைக்க என் கைக்கு வராது."

அந்த நிலைமையிலும் கான்ஸ்டபிள் மறுபடி இருமினான்.

மில்ட்ரெட் எழுந்து ஹெஸ்டரின் முன் வந்து நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. என் சீலை நாய்க்குப் போனது உனக்குத் தெரியுமா?"

ஹெஸ்டரின் தலை குனிந்தது. அது நிமிரவே இல்லை.

"தெரியும் மில்லி."

"எப்போலேருந்து?"

"அவர் தூக்கிக்கிட்டுப் போன அன்னைக்கே. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயே திறக்கலை." அவள் கண்ணீர் கல் தரையில் சொட்டியது. "சுத்தி அவர் மேல விழுந்திருக்கக் கூடாது. என் மேல விழுந்திருக்கணும்."

மில்ட்ரெட் கையை நீட்டினாள். வீங்கிய விரல்களால் ஹெஸ்டரின் தோளில் ஒட்டியிருந்த சிவப்பு நூல் பிசிறு ஒன்றைப் பழக்கதோஷத்தில் எடுத்துப்போட்டாள்.

"போகலாமாம்மா?" என்றார் ஃபென்விக். விலங்கை எடுத்தவர் அந்தக் கணுக்களைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "படி வழுக்கும். என் கையைப் பிடிச்சுக்கோங்க."

வாசலில் மில்ட்ரெட் நின்றாள். திரும்பினாள்.

"நீ வெட்கப்பட்டுக்கிட்டு வாயே திறக்கமாட்டேன்னு நம்பித்தான்டி, அந்த ஒயரைக் கழட்டினதுக்கு அப்புறமும் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"மில்லி..."

"இத்தனை காலம் வாயைத் திறந்தா பொய்! உண்மை பேசறதுக்கு... நல்ல நாள் பார்த்தே போ!"