பூட்டாமல் விட்ட குரல்

மழைக்கு ஒதுங்கியவர்களால் காரைக்கால் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடை வாசல் நிரம்பியிருந்தது. அஸ்ஃபியா அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடினாள். 'உங்க பென்டிரைவ் எங்கிட்ட இருக்கு' என்று போனில் சொன்னவனின் முகம்...

நீலச் சட்டை, நனைந்த முடி. கண்கள் மட்டும் அவளை நேராகப் பார்க்க மறுத்தன. அழகான கண்கள்தான்... சே, இப்போதா இதெல்லாம் கண்ணில் படவேண்டும்!

காலையில் பிரிண்ட் எடுத்தவள், பஸ் கிளம்புகிறதே என்று ஓடியதில் பென்டிரைவைக் கடைக் கணினியிலேயே விட்டுவிட்டாள். அடுத்து வந்து உட்கார்ந்தவன் இந்த சாதிக் பாட்சா.

"அடுத்தவங்க பொருளத் திறந்து பாக்கறது தப்புன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று சீறினாள்.

"தப்புதாங்க. நம்பர் தேடத்தான் திறந்தேன். 'மஹ்பூபா, போலகம்'னு ஒரு பேரு இருந்துச்சு... அது என் லாத்தா, கூடப் பொறந்த அக்கா. முழுசாக் கேட்டுட்டேன்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. கணவர்கள் வளைகுடாவில் இருக்கும் பெண்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. 'என்னத் தவிர யாரும் கேக்க முடியாது' என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்துப் பதிவு செய்த குரல்கள் அவை. கடவுச்சொல் போட்டுப் பூட்டு, பெயருக்குப் பதில் எண் வை என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் தட்ட அவளுக்குத்தான் சோம்பல். மஹ்பூபா அழுதுகொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது... வீட்டுக்காரர் மனசு எங்கிட்ட இல்ல, தம்பி பாத்து முடிச்ச மாப்பிள்ளை, தம்பிக்கு மட்டும் இது தெரியக் கூடாது.

அதை அவனுக்கே தெரிய வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான் அவன். பென்டிரைவை வாங்கிக்கொண்டு அவள் அவமானத்தோடு ஓடிப்போயிருக்கலாம். ஆனால் மஹ்பூபாவிடம் உண்மையைச் சொல்லிவிட அவனோடு போலகம் பஸ்ஸில் ஏறினாள்.

மஹ்பூபாவிடம் நடந்ததைத் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். கேட்டது யார் என்பதை மட்டும் சொல்ல நா எழவில்லை.

"நான்தான் லாத்தா" என்றான் சாதிக், வாசலில் நின்று. "ஒன்ன அங்க கட்டிக் குடுத்ததே நான்தானே. இனிமே எங்கிட்ட மறைக்காத."

மஹ்பூபா முக்காட்டால் முகத்தைப் பொத்தி வெகுநேரம் அழுதாள். பதிவை அழித்துவிடட்டுமா என்று அஸ்ஃபியா கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சொன்னது உண்மைதானே. பூட்டும்மா. பாஸ்வேர்ட நானே போடறேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

அஸ்ஃபியா தன் மடிக்கணினியைத் திறந்து அவள் முன் வைத்தாள். இருவரும் திரும்பினார்கள். ஒருவருக்கொருவர் எதிரெதிரே...

"உங்க மேல கோவம் வந்திருக்கணுங்க, வரல" என்றான் மெல்ல. "அந்தப் பதிவுல லாத்தா அழுதப்ப நீங்க அடுத்த கேள்வி கேக்கல. கூடவே அழுதீங்க. அந்தப் பொண்ணப் பாக்கணும்னுதான் கடையில குடுக்காம நின்னேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

இவ்வளவு பெரிய தப்புக்குப் பிறகும் இப்படி ஒரு வார்த்தையா? அவள் கண்கள் நிறைந்தன.

"மத்த வீடுங்களுக்கும் போயிச் சொல்லணும். தனியாப் போக வெக்கமா இருக்கு... கூட வர்றீங்களா?"

"வர்றேன்."

மஹ்பூபா எப்போதோ கடவுச்சொல்லைப் போட்டு முடித்திருந்தாள்.

"இன்னும் திரும்பாதீங்க" என்றாள்.