வெளுத்த தரை

நாலு நாளாகச் சாத்திக் கிடந்த குளியலறையின் தரை ஈரமாக இருந்தது. ராயம்மாளும் கணவர் செபாஸ்தியானும் கிணற்றடியிலேயே குளித்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாமலிருக்க, அப்போதுதான் யாரோ தேய்த்துவிட்டுப் போன மாதிரி மூலைப் பாசி ஒரு சாண் வெளுத்து, மூக்கைக் குத்தும் பிளீச்சிங் பவுடர் வாடை திறந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. ராஜகிரி மலை நிழல் கொல்லைக்கு வந்துவிட்டது. ராயம்மாள் கதவைச் சாத்தினாள்.

போன வெள்ளிக்கிழமை அங்கேதான், வேலைக்கு வந்த சிங்கவரத்துக் காத்தாயி செத்துப்போனாள். வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார், தரையைத் தேய்த்துக் கொடு என்று கூப்பிட்டது ராயம்மாள்தான். பவுடருக்குப் பாசி மசியவில்லை. பித்தளைக் குண்டானுக்குப் புளி போடுகிற மாதிரி இதற்கும் ஒரு புளிப்பு வேண்டும் என்று, பவுடர் கரைத்த வாளியிலேயே திராவகத்தை ஊற்றிக் கொடுத்தாள்; இரண்டும் சேர்ந்தால் விஷப் புகை கிளம்பும் என்று அவளுக்குத் தெரியாது. வாடை வீட்டுக்குள் வராமலிருக்க கதவுக்கு வெளியே கொண்டி போட்டதும் அவள்தான். சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

"முழுசா முடிச்சிட்டு வாடி," என்று அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். பாவி, ஒரு நடை எழுந்து போயிருக்கலாம்.

மார்வலி என்று ஊரை நம்பவைத்தாயிற்று. செபாஸ்தியானையும்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வாடை இது?"

அவருக்கும் வருகிறது. இனி மறைத்து வாழ முடியாது என்று தோன்றியது.

"ஏங்க, காத்தாயிக்கு மார்வலி இல்ல. நான்தான் திராவகத்த கலந்து குடுத்தேன். கொண்டி போட்டேன். தட்டுச்சு. தெறக்கல."

அவர் திரும்பவில்லை. "தெரியும்," என்றார். "மத்தியானமே வந்து சொல்லிடுச்சு."

"யாரு?"

அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

சரக். சரக்.

தேய்க்கும் சத்தம். அடுக்களைத் தரையில்.

கால் தானாகப் போயிற்று. முட்டியளவு பச்சை மஞ்சள் புகை. கண் எரிந்தது. இருமல். புகை நடுவே குந்தியிருந்த ஒரு முதுகு.

சத்தம் நின்றது.

காத்தாயி திரும்பினாள். கருவிழி தெரியாமல் கண் வெளுத்திருந்தது. முகத்தில் கோபமே இல்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். கையிலிருந்த தேங்காய் நாரை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை ராயம்மாளிடம் நீட்டினாள்.