கடைசி பெஞ்சுக் குரல்

இருபத்துமூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லி முடித்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் அரை நொடி பிந்தி வந்தது.

இங்கிலீஷ் சார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தகரக் கூரை அவ்வப்போது டொக்கென்று நெளிந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் தூசியும் பிள்ளைகளின் வியர்வையும் சன்னலுக்கு வெளியே புழுங்கும் புல்லும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. மூன்று மணிக்கே அறையின் பின்பாதி இருட்டிவிட்டது. ஏதோ ஒரு பிள்ளை விளையாடுகிறது என்று விட்டுவிட்டார். இன்றோடு முடிந்தது. மாறுதல் உத்தரவு சட்டைப்பையில் இருக்கிறது. நாலே கால் பஸ்ஸில் ஏறிவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு இங்கிலீஷ் சொல்கூடக் காதில் விழாத பிள்ளைகள். அவர்களுக்கு அவர் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: அவர் சொல்வார், அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். அர்த்தமெல்லாம் யார் கேட்டது? ஆய்வுக்கு வந்த அதிகாரிகளே அந்த உச்சரிப்பைக் கேட்டு அசந்துபோனார்கள். வகுப்பில் வீட்டுப் பேச்சு பேசினால் மணி அடிக்கும்வரை பின்சுவரோரம் வாயை மூடி நிற்க வேண்டும்.

குருவி அப்படித்தான் நின்றாள். சின்னக் குரல், அதனால் அந்தப் பட்டப்பெயர். திருப்பிச் சொல்லும்போது எப்போதும் அரை நொடி பிந்துவாள்.

சார் தலையை உதறிக்கொண்டார். சீ, என்ன நினைப்பு இது.

ஆறு மாதம் முன்பு அவள் எழுந்து, "சார், என் கால்ல..." என்றாள்.

"இங்கிலீஷ்ல சொல்லு. இல்லன்னா வாயை மூடிட்டுப் போய் நில்லு."

நாற்பது நிமிடம் நின்றாள். சரிந்து விழுந்த பிறகுதான் கணுக்காலில் பாம்பின் பல் பட்ட இடத்தைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம். பாதி வழியிலேயே போய்விட்டாள்.

மறுநாள் விசாரணைக்கு ஆள் வருமுன் அவர் மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து, "அவ ஒண்ணுமே சொல்லல" என்றார். கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். பத்துத் தடவை. வந்தவரிடமும் அட்சரம் பிசகாமல் சொன்னார்கள். வாசலில் நின்று கேட்ட அவள் அம்மா, "என் பொண்ணு ஊமை இல்லையே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வரியைச் சொன்னார். பிள்ளைகள் சொன்னார்கள். பிந்திய குரல் இப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து வந்தது.

"யாரு லேட்டா சொல்றது?"

வகுப்புத் தலைவி எழுந்தாள். "யாரும் இல்ல சார். இன்னும் மணி அடிக்கல. நீங்க சொல்லுங்க, நாங்க சொல்றோம்."

வீட்டுப் பேச்சு. ஆனால் அவளைப் பின்சுவருக்கு அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை.

கூரையில் மழை இறங்கியது. வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கடியில் நீட்டியிருந்த பாதத்தின் மேல் குளிர்ச்சியாக ஏதோ ஊர்ந்தது. மெதுவாக. பிறகு சுருக்கென்று ஒரு வலி.

"ஐயோ."

"ஐயோ," என்றது வகுப்பு. பிந்திய குரல் முதல் பெஞ்சிலிருந்து வந்தது.

"பாம்பு கடிச்சிடுச்சு. யாராவது ஓடிப்போய்ப் பெரிய டீச்சரைக் கூப்பிடுங்க."

"பாம்பு கடிச்சிடுச்சு. யாராவது ஓடிப்போய்ப் பெரிய டீச்சரைக் கூப்பிடுங்க."

ஒருவரும் அசையவில்லை. கட்டிய கைகள். நேரான முதுகுகள். கண்களில் பயம் இல்லை. ஆறு மாதம் அடக்கிவைத்த ஆத்திரம் இருந்தது. பெரிய டீச்சர் அறை மறுகோடியில். இந்த மழையில் எந்தச் சத்தமும் அங்கே போகாது.

எழுந்தார். கால் நிற்கவில்லை. மேசையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார்.

"ஹெல்ப் மீ."

"ஹெல்ப் மீ." அருமையான உச்சரிப்பு. அவர் சொல்லிக்கொடுத்தது.

கெஞ்சினார். கெஞ்சலும் அப்படியே திரும்பி வந்தது. நேரம் போனது. இமை கனத்தது. நாக்கு தடித்தது. பிறகு வார்த்தையே வரவில்லை.

பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

மேசைக்கடியில், அவர் காதருகே, அந்தச் சின்னக் குரல். இந்த முறை அது பிந்தவில்லை. முதலில் சொன்னது.

"சார், என் கால்ல..."

"சார், என் கால்ல..." என்றார்கள் இருபத்துமூன்று பேரும்.

அரை நொடி கழித்து, அவருடைய உதடுகளும் தாமாகவே அதைத் திருப்பிச் சொல்லின.