அளவுக் கயிறு

அக்கரப்பத்தனைக் கடைவீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் எதிரே வருகிறவன் முகம் தெரியவில்லை. மூடுபனி தேயிலைச் செடிகளின் மேல் ஈரச் சாக்கைப் போலக் கிடந்தது.

பழனியாண்டி உளிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு சட்டிபானை மூட்டையோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி பின்னால் வந்தாள். நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு முடிந்ததும் பலகை அடித்த ஆசாரிகளையெல்லாம் கூண்டோடு அனுப்பிவிட்டார்கள். வேலை போனதும் தகரக் கொட்டகையும் போயிற்று. பிள்ளை பிறப்பதற்குள் அவளுக்கு ஒரு கூரை வேண்டும். அதற்காகத்தான் இந்த மலையேற்றம்.

தோட்டத்தில் துரைக்குக் கீழே வேலை வாங்கும் கண்டாக்கையா, தேயிலை அரைக்கும் ஸ்டோர் வாசலில் நின்றே பேசினார்.

“பச்சையாச் சொல்றேன் ஆசாரி. இருந்த ஆசாரி சின்னத்தம்பி சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போய்ட்டான். தொரை பங்களாவுக்குக் கடியாரப் பெட்டி பாதியில நிக்குது. மெசினு சீமையிலருந்து வந்து கிடக்கு. பெட்டியை முடிச்சுக் குடு, செக்ரோல்ல, தோட்டத்து ஆள் கணக்குல, உன் பேரைப் போடுறேன். பேரு ஏறினா லயத்துல காம்பரா உனக்கு. ஏறலேன்னா…”

அவர் அம்மாக்கண்ணுவின் வயிற்றைப் பார்த்தார்.

“வந்த பாதையிலேயே எறங்க வேண்டியதுதான்.”

வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றையறைக் காம்பரா ஒன்றைத் திறந்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் காளியாயி இருந்தாள். கொழுந்துக்காரி. எட்டுப் பெற்று ஐந்தை வளர்த்தவள். கடைக்குட்டியும் இப்போது மலைக்கு வேலைக்குப் போகிறாள். வந்த அன்றே அம்மாக்கண்ணுவின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

“ஒதைக்குது பாரு, கங்காணி மாதிரி! ஏ புள்ள, ஒன் புருஷனுக்கு வெறகு பிளக்கத் தெரியுமா? போன ஆசாரி தொரைக்கு நாக்காலி செய்வான், பொண்டாட்டி சுள்ளி பொறுக்குவா.”

அம்மாக்கண்ணு வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

தச்சுக் கொட்டகை ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. நடுவில் அந்தப் பெட்டி நின்றது. ஆள் உயரத்துக்கும் மேல். நல்ல பலாப்பலகை. சின்னத்தம்பி கைகாரன்தான், மூலைகளில் ஆணியே இல்லாமல் பல்லோடு பல் கோத்திருந்தான். மேலே கடிகார முகம் உட்கார வட்டமாக ஓர் ஓட்டை. கீழே குண்டு ஊசலாட நீளமான கூடு. அதற்குக் கதவு போடுவதுதான் பாக்கி.

பழனியாண்டி கதவை இழைத்துப் பொருத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது. சோறு தின்றுவிட்டு வந்தபோது மூடவில்லை. பலகை உப்பியிருந்தது. தொட்டால் விரலில் தண்ணீர். அண்ணாந்து பார்த்தான். கூரை ஒழுகவில்லை.

மறுபடி இழைத்தான். மறுபடி உப்பியது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

மெல்லிய, ஈரமான ஒரு முறிவு. சற்று விட்டு இன்னொன்று. சீராக, நிற்காமல். கடிகாரம் ஓடுவதைப் போல. ஆனால் கடிகார மெசின் இன்னும் பங்களாவில்தான் கிடந்தது.

கொழுந்து கிள்ளும் சத்தம். தாய்க்காரி கூடையோடு மலையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். வேறு எதுவாகவும் அதை நினைக்க முடியவில்லை.

கதவை இழுத்துத் திறந்தான்.

ஒன்றுமில்லை. நனைந்த சாக்கின் வாடையும் பச்சைக் கொழுந்தின் வாடையும் முகத்தில் அடித்தன. பெட்டியின் அடியில் ஒரு கொழுந்து கிடந்தது. காம்பில் ஈரம் காயவில்லை.

அன்று சாயங்காலம் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன அம்மாக்கண்ணு வெறுங்கையோடு வந்தாள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டாள்.

“என்னாங்க… பீலிக்கரையில பின்னால ஒரு பொம்பளை நின்னா. மொகம் தெரியல. தலையில கூடை இருந்துச்சு.”

“கொழுந்துக்காரிதானே? இதுல என்ன?”

“எனக்கு எப்ப செய்வீங்கன்னு கேட்டா.”

அவன் காளியாயியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ராக்காயிதான். மழையில மேல்மலையிலருந்து உருண்டுட்டா. யாருமத்தவ. தோட்டத்துல ஆள் செத்தா பொட்டிக்குப் பலகை குடுக்கிறது வழக்கமில்லையா? கினிகத்தேனையிலருந்து லாரியில வந்து இருந்துச்சு, நல்ல பலாப்பலகை. தொரை பாத்துட்டாரு. கடியாரத்துக்கு ஆவும்னாரு. கண்டாக்கு வாயைத் தொறக்கல. இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்குலயே சுத்திப் பொதைச்சோம், பெருச்சாளியைப் பொதைக்கிற மாதிரி.”

“இதை மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா?”

“சொன்னா போயிருப்பியா? போறதுக்கு எடம் இருக்கா ஒனக்கு?”

இல்லை. அதுதான் உண்மை.

மறுநாள் பீலிக்கரைக்குப் போகவே அம்மாக்கண்ணு பயந்தாள். அதற்கடுத்த நாள் காம்பராவின் மண்தரையில், அவள் தலைமாட்டில், ஈரக் கால்தடம். வெளியே போன தடம் இல்லை.

ராக்காயிக்கு ஒரு பெட்டி செய்துவிடுவது என்று பழனியாண்டி முடிவு செய்தான். ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளை ஒன்றிரண்டாகக் கொட்டகைக்குள் சேர்த்தான். கண்டாக்கையாவுக்குத் தெரிந்தால் திருட்டு என்பார். அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ராக்காயி என்ன உயரம் என்றுகூடக் கேட்கவில்லை.

அளவில்லாமல் ஆசாரியின் கை ஓடாது. கட்டிலோ பெட்டியோ, முதலில் கயிறு வேண்டும். அதிலும் சாவுப் பெட்டிக்கு எடுக்கும் கயிறு வேறு எதற்கும் ஆகாது. பிணத்தின் உச்சியிலிருந்து குதிகால் வரை பிடித்து அறுத்து, வேலை முடிந்ததும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூட வேண்டும். கயிறு யார் அளவோ, பெட்டி அவருக்கு. உயிரோடு இருக்கிறவர் மேல் அந்தக் கயிறு படவே கூடாது.

எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணு மத்தியானம் பாயில் அசந்து தூங்கினாள். பொம்பளை உயரம் எல்லாம் ஒன்றுதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தென்னங்கயிற்றை அவள் உச்சியில் வைத்தான். குதிகால் வரை இழுத்தான்.

அவள் கண் திறக்காமல் கேட்டாள்.

“என்னாங்க அது?”

“ஒனக்குக் கட்டில் செய்யப்போறேன். தூங்கு.”

ஞாயிற்றுக்கிழமை லயமே கடைவீதிக்கு இறங்கிப் போனது. பனி இடுப்பு வரை நின்றது. ராக்காயிக்குச் செய்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதைகாட்டுக்குப் போனான். புல் முளைக்காத ராக்காயியின் மேட்டை முழங்கால் ஆழம் தோண்டினான். அதற்குக் கீழே கை வைக்கத் தைரியமில்லை. பெட்டியை அவள் மேல் இறக்கினான்.

மூடியை அடிப்பதற்கு முன் வலது கை, தொழில் பழகின கை, மடியிலிருந்து கயிற்றை எடுத்து உள்ளே போட்டது. அவன் யோசிக்கவேயில்லை. ஆணி அடித்து, மண்ணைத் தள்ளி, மிதித்துவிட்டு வந்தான்.

சத்தம் நின்றது.

கதவு மூடியது. பலகை காய்ந்து தேன் நிறத்துக்கு வந்தது. பங்களாவுக்குத் தூக்கிப் போய் மெசினைப் பூட்டினார்கள். துரை பெட்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். அன்றைக்கே செக்ரோலில் பேர் ஏறியது.

“காம்பரா ஒன்னுதுதான் ஆசாரி, போ,” என்றார் கண்டாக்கையா.

அவன் ஓடி வந்து சொன்னபோது அம்மாக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் இல்லை. கம்பளி ஓரத்தின் நூலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இரண்டு கையாலும். சீராக, நிற்காமல்.

அவள் ஒரு நாளும் கொழுந்து எடுத்தவள் இல்லை.

“வீடு கெடைச்சிருச்சு புள்ள.”

“எனக்குந்தான்,” என்றாள்.

அவள் விரல் நுனிகளில் கறுப்புக் கறை இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தான். போகவில்லை.

இரண்டொரு நாளில், பட்டப்பகலில், அவன் கொட்டகையில் இருக்கும்போதே செத்துப்போனாள். காளியாயிதான் அலறியவள். வந்து பார்த்தான். பாயில் நெட்டுக்குக் கிடந்தாள். முகம் அம்மாக்கண்ணுவின் முகம்தான்.

வயிறு தட்டையாக இருந்தது.

ரத்தம் இல்லை. பிள்ளை இல்லை. மருத்துவச்சி வந்து அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“நீர்க்கட்டா இருந்திருக்கும். வத்திருச்சு. புள்ளையே இருந்திருக்காது.”

“ஒன் வாயில மண்ணு விழ! என் கையில ஒதைச்சுச்சுடி,” என்று காளியாயி கத்தினாள்.

கண்டாக்கையா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

“மனசத் தேத்திக்க ஆசாரி. பேரு இருக்குல்ல, பலகை உண்டு. நல்ல பலாப்பலகையாவே அனுப்புறேன்.”

அனுப்பினார். வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள்.

பழனியாண்டி புதுக் கயிறு எடுத்தான். உச்சியில் வைத்துக் குதிகாலுக்கு இழுத்தான். நிறுத்தினான். மறுபடி இழுத்தான்.

நாலு விரல் கூடுதலாக இருந்தது.

அம்மாக்கண்ணுவின் அளவு அவன் கையிலேயே இருக்கிறது. அந்த அளவுக்குத்தானே பலகை அறுத்தான். செத்தவர்கள் நீள்வார்கள் என்பார்கள். இவ்வளவு நீள மாட்டார்கள்.

கயிற்றை விட்டுவிட்டு அவள் தலைமயிரை விலக்கினான். உச்சியில் விரல் பதிந்தது. குறுக்காக ஒரு பள்ளம், தழும்பேறி, வழுவழுவென்று. வருஷக்கணக்காகக் கூடைக் கயிறு அழுத்தின பள்ளம்.

காளியாயி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் தலையிலும் அதே பள்ளம்.

“ஆசாரி,” என்று கிசுகிசுத்தாள். “இது ஒம் பொண்டாட்டி தலை இல்ல.”

“அப்ப அவ எங்கக்கா?”

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னால் காளியாயி, அவளுக்குப் பின்னால் லயத்துப் பொம்பளைகள். புதைகாட்டில் பகல் வெளிச்சம் பாலைப் போல வெளுத்திருந்தது. மேடு அவன் மிதித்துவிட்டுப் போனபடியே இருந்தது. ஒரு மண்கட்டிகூடப் புரளவில்லை.

வெட்டினான். மூடி தெரிந்தது. அவன் அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன. நெம்பினான்.

பெட்டி காலி.

அடிப்பலகை ஈரமாக இருந்தது. தொட்டான். வெதுவெதுப்பு. மூடியின் உள்பக்கம் நகம் பிறாண்டிய கோடுகள். மூலையில் உடைந்த கண்ணாடி வளையல். அம்மாக்கண்ணுவுக்கு அட்டன் தேர்த்திருவிழாவில் அவன் வாங்கிக் கொடுத்த பச்சை வளையல்.

அளவுக் கயிறும் கிடந்தது. ஒரு சாண் குறைந்திருந்தது. பல்லால் கடித்து அறுத்திருந்தார்கள்.

காளியாயி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். லயத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“கொடி கட்டியிருக்காடா,” என்றாள். “தொப்புள்கொடி கட்டியிருக்கா.”

அவன் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழே வெட்டினான். படங்கில் சுற்றிய ராக்காயி அங்கே இருக்க வேண்டும். எலும்பாவது இருக்க வேண்டும். மண்வெட்டி கல்லில் பட்டதுபோல எகிறியது. ஒருவரும் எந்தக் காலத்திலும் தோண்டாத கெட்டிச் செம்மண்.

“அம்மாக்கண்ணு!”

ஓர் அழுகுரல் இல்லை. ஒரு முனகல் இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

காளியாயிதான் முதலில் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மற்றப் பொம்பளைகளைப் பார்த்தாள். அவர்களும் ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள்.

பசித்த பிள்ளை அழும்போது சுரப்பதுபோல, அங்கே நின்ற தாய்மார் எல்லோருடைய மாரிலும், பால் வற்றிப் பல வருஷமான காளியாயியின் மாரிலும், பால் கசிந்து ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.